வாபஸ்

பக்ராம்,
8 மார்ச் 2020.

ராமசெல்விக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் தோஹாவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பதினான்கு மாதத்தில் அமெரிக்கப் பட்டாளம் மொத்தமும் ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பிவிடுமாம். பத்தொன்பது வருடம் துப்பாக்கியால் முடியாத சமாச்சாரம் நாலு பக்கக் காகிதத்தில் முடிந்துவிட்டது. இதை முதல் வருடமே எழுதியிருக்கலாமே என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கிறவன் நான் ஒருவன்தான். நான் தண்ணீர்க்காரன், என் பேச்சு யார் காதிலும் ஏறாது.

போனில் பேசலாமே என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். உன் போன் கடைக் கல்லாமேசையில் கிடக்கும். நான் ஹலோ சொன்னதும் பின்னாலிருந்து உன் அண்ணன் ராசையாவின் செருமல் கேட்கும். வேண்டாம். தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவதே போதும். எழுத்துக்குப் பின்னால் யாரும் செருமுவதில்லை.

முகாமில் இன்னும் எதுவும் மாறவில்லை. என் வேலையும் அதேதான். ஆழ்குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்து, குளோரின் கலந்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குழாயைத் திறந்து சோதித்து எழுதி வைக்க வேண்டும். மணலித் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் செய்த வேலையின் தம்பி மாதிரி. அதை இழுத்து மூடினார்கள். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன் உன் அண்ணன் கடையில் பருப்பு நிறுக்க உட்கார்ந்தேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

இன்று இணையத்தில் தமிழ்ப் பத்திரிகை பார்த்தேன். கொட்டை எழுத்தில் ‘படைகள் வாபஸ்’ என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் மேலே படிக்கப் பிடிக்காமல் மூடிவிட்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்னோடு பம்ப்பில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் குலாமின் பாஷையிலும் அந்தச் சொல் இருக்கிறது. நமக்கு அது கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது. அவருக்குத் திரும்பி வருவது. “துரை, நீ எப்போது வாபஸ்?” என்று தினமும் கேட்கிறார். சிரித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளத்துரை


திருவொற்றியூர்,
22 மார்ச் 2020.

அன்புள்ள அத்தானுக்கு,

ராமசெல்வி எழுதுவது. நான் நலம். அண்ணனுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். மற்றபடி நலம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன்.

‘ராமசெல்விக்கு’ என்பதற்கு முன்னால் ‘அன்புள்ள’ என்று ஒரு வார்த்தை போட்டால் அந்த ஊரில் மை தீர்ந்துபோகுமா?

இன்று ஞாயிறு. நாடு முழுக்க யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால் கடை மூடிக்கிடக்கிறது. எனக்கு நினைவு தெரிந்து பகலில் இந்தக் கடை மூடிக்கிடந்தது அம்மா செத்த அன்றும் அண்ணி செத்த அன்றும்தான். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்றுகூட இல்லை. மாடியில் நின்றால் கடல் சத்தம் கேட்கிறது. இவ்வளவு பக்கத்திலா கடல் இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

மீன் விற்கும் செல்லம்மா நேற்றுக் கடைக்கு வந்தாள். அவளுக்கு எல்லா நாட்டுச் செய்தியும் தெரியும். “இன்னா ராமு, உன் வூட்டுக்காரரு கீற ஊர்லேர்ந்து மில்ட்ரியெல்லாம் காலி பண்ணிகினு போறானுங்களாமே? அவுங்களே பூட்டாங்கன்னா இவரு மட்டும் அங்க யாருக்குத் தண்ணி ஊத்திகினு கீறாரு?” என்றாள். நான், “அதை அவர்கிட்டதான் கேக்கணும்” என்றேன். “கேளேன். உனுக்கு இன்னா வாயில கொயுக்கட்டையா?” என்று போய்விட்டாள்.

அதனால் கேட்கிறேன். எல்லாரும் கிளம்பும்போது நீங்களும் வந்துவிடுங்கள். பத்து வருடம் போதும். நடுவில் இரண்டு தடவை ஊருக்கு வந்தீர்கள். இரண்டு தடவையும் உடன்குடியில் உங்கள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு அப்படியே ஏறிவிட்டீர்கள். நான் பஸ் ஏறி அங்கே வந்தபோது என்னிடம் ‘சாப்பிட்டாயா’ என்று மட்டும் கேட்டீர்கள். பிள்ளை குட்டி இருந்தால் அதைச் சொல்லியாவது கூப்பிடுவேன். நமக்கு அதுவும் இல்லை. நான்தான் இருக்கிறேன். வாருங்கள்.

ஏதோ ஒரு சொல் பிடிக்கவில்லை, காரணம் உனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை அத்தான்.

அன்புடன்,
ராமசெல்வி


பக்ராம்,
30 ஆகஸ்ட் 2020.

ராமசெல்விக்கு,

மை தீரவில்லை. மனதில் இல்லாததை எழுதிப் பழக்கமில்லை, அவ்வளவுதான் காரணம்.

பட்டாளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. போனார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் மீட்டர் சொன்னது. ஜூனில் ஒரு நாள் செலவு, மார்ச்சில் இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். யார் எப்போது எந்த விமானத்தில் போகிறார்கள் என்பது ரகசியம். ஆனால் மனிதன் குளிப்பதையும் கால் கழுவுவதையும் ரகசியமாக வைக்க முடியாது. தண்ணீர்க்காரனுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது எனக்கு ஒரு புது வேலை. ஓடாத தண்ணீரில் குளோரின் செத்துவிடும், கிருமி சேரும். ஆகவே ஆள் இல்லாத கொட்டகைகளுக்கும் வாரம் ஒரு தடவை போய், எல்லாக் குழாயையும் திறந்து இருபது நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது விதி. குலாம் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. நாற்பது குழாயையும் திறந்துவிட்டு, மெத்தை இல்லாத ஒரு கட்டிலில் உட்கார்ந்துகொள்வேன். சுவரில் யாரோ ஒருவன் நாள் எண்ணி அடித்த கோடுகள் இருக்கும். அவன் போய்விட்டான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். திருவொற்றியூரில் லாரி வரவில்லை என்று நீ குடத்தோடு நிற்கும் அதே நேரம் நான் இங்கே ஒருவரும் இல்லாத இடத்தில் நல்ல தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மேத்யூ என்று ஒருவர், கோட்டயத்துக்காரர், சமையல் கூடத்தில் இருக்கிறார். நாலு சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டை மூடிவிட்டார்கள். “சாரே, நமக்கும் சீட்டு கிழியும்” என்கிறார். கிழியட்டும்.

வந்துவிடுங்கள் என்று எழுதினாய். எங்கே வருவது? கீழே உன் அண்ணன் கடை. மேலே உன் அண்ணன் வீடு. கூப்பிட வேண்டியவன் வீட்டுக்காரன். நீ இல்லை. ராசையா தன் கையால் ஒரு வரி எழுதட்டும். ‘மச்சான், வாருங்கள்.’ ‘வா’ இல்லை, ‘வாருங்கள்’. அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பு. அதற்கு அப்புறம் பேசுவோம்.

உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். மறதி நல்ல வசதி. எனக்கு அது வாய்க்கவில்லை.

வெள்ளத்துரை


திருவொற்றியூர்,
20 ஜனவரி 2021.

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கல் கழிந்தது. மாடியில் சின்னப் பானையில் வைத்தேன். அண்ணி போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தானே, பெரிய பானையை எடுப்பதில்லை.

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். உடனே காட்டவில்லை, அவருக்கு மனசு நல்லபடியாக இருக்கும் நாளுக்குக் காத்திருந்ததில் தீபாவளியும் போய்விட்டது. கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஏ செல்வி, உன் மாப்பிள்ளை என்ன கலெக்டரா, மனு எழுதிக் கூப்பிட? வரச் சொல்லு. வந்தா கறி எடுத்துப் போடுறேன். கடைய வேணா அவரே பாக்கட்டும், எனக்கும் முட்டி வலி” என்றார். நான் விடவில்லை. “ஒரு வரிதானேண்ணே, எழுதிக் குடு” என்றேன்.

பேனாவை வாங்கிக் கல்லாவில் உட்கார்ந்தார். ‘மச்சான்’ என்று எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை. “வாங்கன்னு எழுதணுமா, வாருங்கள்னு எழுதணுமா? கூச்சமா இருக்கு புள்ள” என்றார். அதற்குள் முட்டை வண்டி வந்துவிட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டால், “எழுதுறேன், எழுதுறேன்” என்கிறார்.

‘மச்சான்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் இருக்கும் தாளை அனுப்பினால் நீங்கள் அதற்கும் ஏதாவது சொல்வீர்கள். அதனால் அனுப்பவில்லை.

“அப்படி என்னதாண்ணே சொன்ன அவரை?” என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். “விளையாட்டுக்கு எதையோ சொன்னேன். மறந்துபோச்சு” என்றார். பொய் சொல்லவில்லை அத்தான். அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

சரி, அண்ணன் ஏதோ சொன்னார். நான் என்ன செய்தேன்? வேறு வேலை தேடுகிறேன் என்று கடையை விட்டுப் போனீர்கள். பதினாறு நாள் புழலில் உங்கள் சிநேகிதர் வீட்டில் இருந்தீர்கள். திரும்பி வந்தீர்கள். வந்த காலோடு போய்விட்டீர்கள். ஒரு மாதம் கழித்து டெல்லியிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குப் போவதாகக் கடிதம் வந்தது. நடுவில் நான் என்ன தப்பு செய்தேன் என்று பத்து வருடமாக யோசிக்கிறேன். அதை மட்டும் எழுதுங்கள். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
ராமசெல்வி


பக்ராம்,
17 மே 2021.

ராமசெல்விக்கு,

நாலு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் மனம் ‘மறந்துபோச்சு’ என்ற சொல்லில் வந்து நிற்கும். தாளைக் கிழித்துவிடுவேன்.

இப்போது எழுதியே ஆக வேண்டும். செப்டம்பருக்குள் கடைசிச் சிப்பாய்வரை போய்விடுவார்கள் என்று ஏப்ரலில் அறிவித்துவிட்டார்கள். எங்களை அதற்கு முன்பே அனுப்புகிறார்கள். ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவா, குவைத்தில் இன்னொரு முகாமா, ஒன்றை எழுத வேண்டும். ஜூன் 20 கடைசி நாள். மேத்யூ இந்தியா என்று எழுதி, போன வாரம் போயும் விட்டார். சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் ஒரு மேசையில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

நீ என்ன செய்தாய் என்று கேட்டாய். சொல்கிறேன்.

2010, ஜூலை. புழலிலிருந்து தினமும் வேலை தேடிப் போய்வந்தேன். நாற்பது வயதுக்காரனுக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் இடம் இல்லை. பதினாறாம் நாள் மத்தியானம், ரோஷத்தை விழுங்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன், கடன் கேட்க வந்தவன் மாதிரி. ராசையா பார்த்துவிட்டார். கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு தொங்குமே, ‘விற்ற சரக்கு வாபஸ் இல்லை’ என்று? அதைக் கையால் தட்டினார். “என்ன மச்சான், எம்.எஸ்சி. படிச்சவரு போர்டு படிக்கலியா? வித்த சரக்கு வாபஸ் இல்ல!” என்றார். கடையே சிரித்தது. ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதுகூடப் போகட்டும். அவர் வியாபாரி. ஆள் நாலு பேர் நின்றால் அவருக்கு நாக்கு நிற்காது. நான் உன்னைப் பார்த்தேன். எண்ணெய் டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய், கையில் புனலோடு. நீயும் சிரித்தாய், ராமசெல்வி. பல் தெரியச் சிரித்தாய். ஒன்பது வருடம் என்னோடு வாழ்ந்ததில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீ செய்தது அதுதான். அந்தச் சிரிப்பைத்தான் நான் இங்கே கொண்டுவந்தேன். இந்த நாட்டில் குண்டு விழுந்து சுவர் அதிரும்போதுகூட எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டிருக்கிறது. அது உனக்குத் தெரியாது என்கிறாய். சொன்னவருக்கு மறந்துபோச்சாம். ஒருவனைச் சந்தியில் நிறுத்தி அடித்துவிட்டு, அடித்த கைக்கு மறந்துபோச்சு!

நான் சொல்வதையும் எழுதி வைத்துக்கொள். ராசையா அந்தக் கடையில் மூச்சு விடும்வரை அந்தப் படியில் என் கால் படாது. படிவத்தில் குவைத் என்று எழுதுவதாக இருக்கிறேன். நீ ஏதாவது சொல்வதென்றால் ஜூன் 20க்கு முன் சொல்.

வெள்ளத்துரை


திருவொற்றியூர்,
3 ஜூன் 2021.

அத்தானுக்கு,

அண்ணன் மே 15, சனிக்கிழமை காலமாகிவிட்டார். கொரோனா.

உங்கள் கடிதம் வந்தது அண்ணனின் மூன்றாம் நாள். போன் அடித்துக்கொண்டே இருந்ததால் மூலையில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் திறந்தேன்.

மூச்சு விடும்வரை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூச்சுக்காகத்தான் மூன்று நாள் நான் சிலிண்டர் தேடி அலைந்தேன். செல்லம்மாவின் மருமகன் மணலியில் ஒரு இடத்தில் வரிசையில் நின்று ஒன்று வாங்கிக் கொடுத்தார். அது ஒரு நாள் தாங்கியது. அப்புறம் ஆம்புலன்சில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் பதினொரு வண்டி. அதிலேயே போய்விட்டார். கடைசியாக, “கடைச் சாவி எங்க?” என்று கேட்டார். என் இடுப்பில் இருக்கிறது என்று காட்டினேன். மயானத்தில் டோக்கன் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, மச்சானும் இல்லை. செல்லம்மாவின் மருமகன்தான் வைத்தார். அவர் எங்கள் ஜாதியும் இல்லை, ஒன்றும் இல்லை.

நீங்கள் வேண்டுமென்று எழுதியிருக்கமாட்டீர்கள். அண்ணன் சாவு தெரியாமல் எழுதியது என்று எனக்குத் தெரியும். ஆனால் படித்தது நான்.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில். அண்ணன் போர்டைத் தட்டி என்ன சொன்னார் என்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பதினாறு நாளும் நான் தூங்கவில்லை. ரயில் தண்டவாளத்தில் யாராவது விழுந்தார்கள் என்று பேச்சு வந்தால் ஓடிப்போய்ப் பார்த்தேன். அன்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். எல்லார் தலைக்கும் பின்னால் உங்கள் தலை தெரிந்தது. உயிரோடு இருக்கிறீர்கள், வந்துவிட்டீர்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒன்பது வருடம் கூட இருந்த உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். புனலை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் உங்களைக் காணோம்.

அன்றைக்கே “ஏன்டி சிரித்தாய்” என்று ஒரு அறை விட்டிருந்தால்கூட அன்றோடு முடிந்திருக்கும்.

இருபத்துநாலாம் தேதியிலிருந்து ஊரடங்கு. கடை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் நான்தான் நடத்த வேண்டும். நடத்துவேன்.

படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்கிறீர்கள். நான் பத்து வருடம் கூப்பிட்டேன். இனிமேல் கூப்பிடமாட்டேன். இது கோபம் இல்லை, அலுப்பு. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் கையில் பேனா இருக்கிறது.

ராமசெல்வி


பக்ராம்,
14 ஜூன் 2021.

அன்புள்ள ராமசெல்விக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துப் பத்து நாள் ஆகிறது. எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

ராசையாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பதினொரு வருடம் ஒரு ஆளோடு மனதுக்குள் சண்டை போட்டுவிட்டேன். எதிரில் ஆள் இல்லை என்று ஆனதும் கை எங்கே போவது என்று தெரியாமல் தொங்குகிறது. துக்கமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை. நேற்றுச் சவரம் செய்யும்போது அவரைப் போலச் செருமிப் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லக்கூடாதோ என்னவோ.

உன் சிரிப்பைப் பற்றி நீ எழுதியதை நம்புகிறேன். நம்பினால் இந்தப் பதினொரு வருடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

தண்ணீர் நிலையத்தை நாளை மறுநாள் நிறுத்துகிறோம். இனிச் சுத்திகரித்த தண்ணீர் இல்லை, இருக்கிற கொஞ்சம் பேருக்குப் பாட்டில்தான். குலாமுக்கு என் ரசாயனப் பெட்டியையும் சோதனைக் குழாய்களையும் கொடுத்தேன். “நான் யாருக்குச் சோதிப்பேன்?” என்று கேட்டார். வாங்கிக்கொண்டார். முகாம் வாசலுக்கு வெளியே அவர் போகும்போது அந்தப் பெட்டியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டார். எங்களிடம் வேலை பார்த்ததே இனி அவருக்கு ஆபத்து. அவருக்குப் படிவம் எதுவும் கொடுக்கவில்லை.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நீ கூப்பிடமாட்டேன் என்று எழுதிவிட்டாய். நான் கேட்பது அது இல்லை. ஒரு சொல், எதுவானாலும். ‘சரி’ என்று எழுது. ‘சீ’ என்று எழுது. நீ படித்துவிட்டாய் என்பதற்கு என் போனில் நீலக் கோடு இரண்டு வரும். அதை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வைக்காதே.

உன்,
வெள்ளத்துரை


மாத்தூர்,
9 ஆகஸ்ட் 2021.

அன்புள்ள ராமசெல்விக்கு,

இதைப் படம் பிடித்து அனுப்பவில்லை. தபாலில் போடுகிறேன். நீ பார்த்தாயா என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

ஜூனில் நீலக் கோடு வந்தது. சொல் வரவில்லை. 20ஆம் தேதி சாயங்காலம் படிவத்தில் இந்தியா என்று எழுதினேன். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல முடியாது, எனக்கும்கூட. 28ஆம் தேதி கிளம்பினேன். நாலு நாளில் அமெரிக்கர்களும் போய்விட்டார்களாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமல் போனார்கள் என்று டீக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இப்போது தினமும் ஒரு ஊர் விழுகிறது. குலாமின் எண்ணில் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

துபாய் வழியாக வந்து, தனிமை நாட்களை ஒரு லாட்ஜில் கழித்துவிட்டு, இங்கே மணலியை அடுத்த மாத்தூரில் ஒரு அறை பிடித்திருக்கிறேன். வீட்டுக்காரரின் பெயர் பெனிட்டோ. “சார் தனி ஆளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்தில்தான் என் பழைய தொழிற்சாலைச் சுவர். அதில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. அந்த நாட்டிலிருந்து மாத்தூர் வர எனக்குப் பத்து நாள் ஆனது. மாத்தூரிலிருந்து திருவொற்றியூர் வர ஒரு மாதம்.

இன்று காலை கடைக்கு வந்தேன்.

முகக்கவசம் போட்டிருந்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, தெரியுமா உனக்கு? நீயும் போட்டிருந்தாய். கல்லாவில் நீ உட்கார்ந்திருந்தாய். மெலிந்திருக்கிறாய். கண்ணாடி போட்டிருக்கிறாய். அதை எனக்கு எழுதவே இல்லை. மாலை போட்ட ராசையாவின் படத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே விளக்கு எரிந்தது. கும்பிட நினைத்தேன். கையில் பை இருந்தது. அது காரணம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்த அம்மாள்தான் உன் செல்லம்மாவாக இருக்க வேண்டும். “இன்னா ராமு, பூண்டுக்கு இன்னா கொம்பு மொளைச்சுகீதா, இந்த வெலை சொல்ற?” என்றாள். நீ, “கொம்பு மொளைச்சதை உனக்குக் குடுக்கல, நல்லதா பாத்துத்தான் போட்டிருக்கேன். வேறக்கா?” என்றாய். அவள் சிரித்துக்கொண்டே போனாள். அடுத்தது ஒரு ஆட்டோக்காரர். அவருக்கு பிஸ்கட், பீடிக்கட்டு. “வேறண்ணே?” என்றாய். அதற்கு அடுத்தது ஒரு கிழவி. புழுங்கலரிசி ஒரு கிலோ. “வேற பெரியம்மா?” என்றாய். கை நிறுத்துக்கொண்டே இருக்கிறது, வாய் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ராசையாவும் இப்படித்தான் கேட்பார். நீ இன்னும் நன்றாகக் கேட்கிறாய்.

என் முறை வந்தது. கால் கிலோ சர்க்கரை என்றேன். குரலை மாற்றிச் சொன்னேனோ, தானாக மாறியதோ தெரியாது. நீ நிமிர்ந்து பார்த்தாய். பொட்டலத்தைக் கட்டினாய். நூலை இரண்டு தடவை சுற்றுவதற்குப் பதில் நாலு தடவை சுற்றினாய். பொட்டலத்தை மேசையில் வைத்தாய். கையை அதன்மேல் இருந்து எடுக்கவில்லை.

“வேற?” என்றாய்.

அக்கா இல்லை, அண்ணே இல்லை, ஐயா இல்லை. எல்லாருக்கும் ஒரு முறை வைத்துக் கூப்பிட்ட வாய் எனக்கு மட்டும் மொட்டையாக நின்றது. கட்டினவனை அண்ணே என்று கூப்பிட எந்தப் பெண்ணுக்கு நாக்கு வரும்? பஸ் ஏறி உட்கார்ந்து, மணலி தாண்டின பிறகுதான் இது எனக்கு உறைத்தது. நீ என்னைக் கண்டுகொண்டாய். கண்டுகொண்டுதான் கேட்டாய். கூப்பிடமாட்டேன் என்று எழுதியவள், கேட்டுவிட்டாய். ஒரு கடைக்காரி காத்திருப்பதைவிட அதிக நேரம் காத்திருந்தாய். பின்னால் நின்றவர்கூட, “சீக்கிரம்மா” என்றார்.

நான், “அவ்வளவுதான்” என்றேன்.

நீ கையை எடுத்துக்கொண்டாய். சில்லறை கொடுத்தாய். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நான் இறங்கிவிட்டேன்.

உன்,
வெள்ளத்துரை